கொம்பனின் வட்டல்

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை காலையில் சின்னத்தாயி அத்தை மறையூருக்குப் புறப்பட்டாள். மாமரங்கள் பூத்து, கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் மருந்தடிப்புத் தொடங்கியிருந்த வாரம் அது. நாயை விட்டுவிட்டுப் போவதற்கு இதைவிடக் கெட்ட வாரம் வருடத்தில் கிடையாது என்று அவளே சொன்னாள். ஆனாலும் போயாக வேண்டியிருந்தது. மகள் யோகப்பிரியாவுக்கு ஏழாம் மாதத்திலேயே ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. மலைப்பாதை வளைவுகளில் அவளை இறக்கிக்கொண்டு வரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வருவதுதான் வழக்கம். இங்கே தாய் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளின் மாமியார் வீட்டுக்குப் போனாள்.

நான் அவளுடைய தம்பி மகள், செல்வப்பிரியா. சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். குடும்பத்தில் வேலை வெட்டி இல்லாத ஒரே ஆள் நான் என்பதால் வீடும், தோப்பும், கொம்பனும் என் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

கொம்பன் யானை அல்ல, முழங்கால் உயரம்கூட இல்லாத பழுப்பு நாட்டு நாய். மாமா ஆறுச்சாமி உயிரோடு இருந்தபோது வைத்த பெயர். தோப்பு ஓரம் ஒருமுறை யானை வந்தபோது, இரண்டு மாதக் குட்டியான இது அதைப் பார்த்துக் குரைத்ததாம்.

பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அத்தை புறப்படாமல் என்னைத் தோப்பு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தாள்.

“மருந்தடிக்கற அன்னைக்கு இவனெ ஊட்டுக்குள்ள கட்டிப்போடு. மறுநாளும் மரத்தடிக்கு உடாதே. புல்லுல ஒழுகியிருக்கும், மிதிச்சுட்டு வந்து காலெ நக்குவான்.”

“சரிங்கத்தை.”

“மாட்டுத்தொட்டியெக் கவுத்து வெய்யி. அடிக்கறவிய அதுலதான் டேங்கு கழுவுவாங்க, கேட்டா இல்லீங்கம்பாங்க. செத்த எலி கெடந்தா மம்பட்டியில எடுத்து ஆழமாப் பொதைச்சுப்போடு. விசம் தின்ன எலியெ நாய் தின்னா நாயும் போச்சு. அரளியெ நான் வெட்டிப்போட்டேன், தூர்ல துளுத்தா நீ கிள்ளிப்போடு.”

“எல்லாஞ் செய்யறேன், நீங்க கெளம்புங்க.”

கடைசியாகச் சமையலறைக்குள் போய், சோற்றுத் தட்டுகள் அடுக்கிய மரச்சட்டத்திலிருந்து ஓர் அலுமினிய வட்டலை உருவினாள். விளிம்பு ஒரு பக்கம் நெளிந்திருந்தது.

“இது கொம்பனுது. நம்ம சாமானத்தோடவே கழுவி இங்கயே வெய்யி. ஒருக்காலும் வெளிய வெக்காதே.”

“நாய் வட்டலையா? சமையக்கட்டுலயா?”

“சொன்னாச் செய்யி கண்ணு.” இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வாசலில் பிச்சைமணியின் ஆட்டோ ஹாரன் அடித்தது. அத்தை வாயை மூடிக்கொண்டாள்.

“என்னங்கத்தை?”

“ஒண்ணுமில்ல. பக்கத்துல உக்காந்து போடு. தின்னுக்குவான்.”

பிச்சைமணி பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அம்மிணி, பாத்து நடந்துக்கோங்க. உங்கத்தை நாய் வெளிய எங்கயும் கை நனைக்காதுங்க. பெரிய எடத்துச் சம்பந்தியாட்ட. என்ர ஊட்டுக் கறிச்சோத்தெ மோந்துகூடப் பாக்கல.”

“உன்ர ஊட்டுச் சோத்தெ உம் பொண்டாட்டியே மோந்து பாத்துத்தான திங்கறா,” என்றாள் அத்தை, ஆட்டோவில் ஏறிக்கொண்டே. சிரித்தார்கள். ஆட்டோ திரும்பும் வரைக்கும் அவள் கண் மட்டும் நாயின் மேலேயே இருந்தது.

அன்று மத்தியானம் மோர்ச்சோறு பிசைந்து வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். கொம்பன் வட்டலின் முன்னால் வந்து உட்கார்ந்து, சோற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாலைக்கூட ஆட்டினான். வாயை வைக்கவில்லை. அத்தை போன ஏக்கம் என்று நினைத்தேன். ராத்திரியும் அப்படியே. மறுநாள் முட்டை அவித்துப் போட்டேன். அதற்கடுத்த நாள் கோழி எடுத்து வந்து, எலும்பை நீக்கிச் சதையை மட்டும் பிசைந்து வைத்தேன். எச்சில் ஒழுக ஒழுக உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தான். நான் எழுந்து போனால் அவனும் எழுந்து போய்விடுவான். தண்ணீர் மட்டும் குடித்தான்.

அத்தைக்குப் போன் போட்டேன். மறையூரில் மருமகன் ஆனந்தகுமாரின் வீட்டில், கரும்பாலைக்குப் பக்கத்து முற்றத்தில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே எப்போதும் ஆள் இருக்கும்.

“வட்டல்லதான வெச்சே?”

“வட்டல்லதானுங்க.”

“பக்கத்துல உக்காந்தயா?”

“உக்காந்தேனுங்க.”

“அப்பறம்?”

“அப்பறம் என்னங்கத்தை?”

அதற்குள் பின்னால் ஒரு பெண் குரல், “யாருங்க சம்பந்தி, ஊர்லருந்துங்களா?” என்று கேட்டது. “ஆமாங்க, நம்ம செல்வி. நாய் திங்கலையாம்” என்றாள் அத்தை. “நாய்க்கெல்லாமா போன் போடறது?” என்று அந்தக் குரல் சிரித்தது. அத்தையும் சேர்ந்து சிரித்தாள். பிறகு என்னிடம், “இன்னும் ஒரு பொழுது பட்டினி கெடந்தாத் தின்னும், பாரு,” என்று அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பட்டினி என்ற சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து நிலம் மோகனசுந்தரம் மாமாவுடையது. நிலக்கடலை போட்டிருந்தார். எலி தோண்டித் தள்ளுகிறது என்று அந்த வாரம் அவர் வரப்பு வரப்பாகக் குனிந்து எதையோ வைத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருந்தேன். போய்க் கேட்டேன்.

“கருவாட்டுல குருணை மருந்துதான். எலிக்கு வெக்கறது. நாய்க்கா வெக்கறேன்?”

“எங்கெங்க வெச்சிருக்கீங்க மாமா?”

“அதெல்லாம் எழுதியா வெக்கறது? அங்கங்க எலையில பொதிஞ்சு போட்டிருக்குது. நீ எதுக்குப் பயப்படறே? சின்னத்தாயி நாய் தங்கத்தட்டுல வெச்சாலும் திங்காது.”

“அது இப்ப ஒண்ணுமே திங்கலீங்க மாமா. பசியில இருக்குது.”

அவர் மண்வெட்டியை மாற்றிப் பிடித்தார். “அப்பக் கட்டிப்போடு,” என்றார்.

கட்டிப்போட்டேன். அது அடுத்த தொல்லை. எங்கள் தோப்பிலேயே மருந்தடிப்பு நாளும் வந்தது. ஜன்னலை மூடி, தொட்டியைக் கவிழ்த்து, டேங்க் கழுவுகிறவர்களிடம் போய் நின்று, காலி டப்பாக்களை எண்ணி வாங்கிப் பூட்டி வைத்து, நடுநடுவே வீட்டுக்குள் ஓடி நாய் மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். விலா எலும்புகள் தெரியத் தொடங்கியிருந்தன. தட்டை நகர்த்தினால் தலையைத் தூக்குவான். அந்த நம்பிக்கையான பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் ஏதோ எதிர்பார்க்கிறான், நான் அதைச் செய்யாமல் இருக்கிறேன் என்பது மட்டும் புரிந்தது.

அத்தையின் பழைய நாய் செவலை நுரை தள்ளிச் செத்தது எனக்குத் தெரியும். பாம்பு கடித்தது என்று சொல்லியிருந்தார்கள். அந்த நாய்க்காக அவள் அழுத அழுகையைக் கேலி செய்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. இந்த நாய்க்கும் ஏதாவது ஆனால் அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கும் அளவுக்கு என் மனம் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வெயில் தாழும் நேரத்தில் கொடியில் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது தூணில் கயிறு மட்டும் இருந்தது. முனை கடிபட்டுப் பிசிறாக இருந்தது.

“கொம்பா! கொம்பா!” என்று கத்திக்கொண்டே வரப்புக்கு ஓடினேன். நிலக்கடலைக் காட்டில் எங்கேயும் அசைவில்லை. நான் இந்தப் பக்கம் தேடினால் அவன் அந்தப் பக்கம் தின்றுகொண்டிருப்பான் என்று தோன்றியது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடினேன்.

அவனே வந்தான். வரப்பின் மேல் மெதுவாக நடந்து வந்தான். வாயில் ஒரு தேக்கிலைப் பொதி இருந்தது. வாழைநாரில் கட்டியது, ஒரு பக்கம் அவிழ்ந்து கருவாட்டு வால் வெளியே தெரிந்தது. நேராக என் காலடிக்கு வந்து, பொதியைக் கீழே வைத்தான். பின்னங்காலில் உட்கார்ந்தான். பொதியைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். காத்திருந்தான்.

இலையின் மடிப்பில் ஊதா நிறக் குருணைகள் ஒட்டியிருந்தன. அவன் கீழ் உதட்டிலும் நாலைந்து.

முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உதட்டைத் துடைத்தேன். குழாயடிக்கு இழுத்துப் போய் வாயைச் சாய்த்துப் பிடித்து, தண்ணீர் உள்ளே இறங்காமல் வெளியே வழிய வழியக் கழுவினேன். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. பசியிலும் ஒழுகும், விஷத்திலும் ஒழுகும். எது என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன் போட்டதும் பிச்சைமணி ஆட்டோவோடு வந்துவிட்டார். “உப்புத்தண்ணி கரைச்சு ஊத்துங்க அம்மிணி, வாந்தி எடுத்துரும். இல்லீன்னா வெளக்கெண்ணெய். என்ர அம்மா மாட்டுக்கெல்லாம் அதத்தான் குடுப்பாங்க.”

நான் மிருகாசுபத்திரி டாக்டர் ஷிஜியை அழைத்தேன். மலையாளமும் தமிழுமாக அவர் கத்தினார்: “வாயில ஒண்ணும் ஒழிக்கண்டா, ஊத்தாதே! உப்பும் வேண்டா, எண்ணெயும் வேண்டா, முட்டையும் வேண்டா. நுரையீரலுக்குப் போனா அது வேற பிரஸ்னம். அந்தப் பொதியெ கவர்ல கெட்டி எடுத்துட்டு வேகம் வா. என்ன மருந்துன்னு நான் பாக்கணும்.”

கொல்லங்கோட்டுச் சாலையில் ஆட்டோ போன வேகத்தில் கொம்பன் என் மடியில் நடுங்கினான். குளிரா, பயமா, மற்றதா என்று ஒவ்வொரு குலுக்கலிலும் அவன் கண்ணைப் பிரித்துப் பார்த்தேன். “கை காலு இழுக்குதுங்களா?” என்று பிச்சைமணி கேட்டுக்கொண்டே வந்தார். “ரோட்டெப் பாருங்கண்ணா,” என்று நான் எரிந்து விழுந்தேன்.

டாக்டர் கண்மணியில் டார்ச் அடித்துப் பார்த்தார், பொதியைப் பிரித்துப் பார்த்தார், ஓர் ஊசி போட்டார். ஆசுபத்திரி வராந்தாவிலேயே வெகுநேரம் உட்காரச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை.

“நாக்குல கொஞ்சம் பட்டிருக்கும், அவ்வளவுதான். உள்ள போகல்ல,” என்றார். “இத்தனை பசியில இருக்கிற நாய் கருவாட்டைக் கடிக்காம சுமந்துகொண்டு வந்ததுதான் எனக்கு மனசிலாகல்ல. ஆனா இப்போ வேற பயம். இதுக்கு உடம்புல ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு தின்னணும். இல்லெங்கில் நாளை டிரிப் போடணும். அதும் எத்தனை நாள் போடுவது?”

வராந்தாவிலிருந்தே மறையூருக்கு அழைத்தேன். முதலில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை அத்தையே எடுத்தாள். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். குரல் கேட்டதும் எல்லாவற்றையும் அழுதுகொண்டேதான் சொன்னேன்.

அவள் கேட்டது ஒரே கேள்வி. “அந்தப் பொதியெக் கொண்டாந்து என்ன பண்ணுனான்?”

“எம் முன்னால வெச்சுட்டு, என்ர மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருந்தானுங்க.”

மறுமுனையில் பாத்திரம் உருளும் ஓசையும், “காப்பி ஆறுதுங்க சம்பந்தி,” என்று யாரோ சொல்வதும் கேட்டது.

“கண்ணு, நீ மொதல்ல ஒரு வாய் திங்கோணும்,” என்றாள்.

“எதையுங்க?”

“அவன் வட்டல்ல இருக்கற சோத்தெ. அவன் பாக்கறாப்பல. நீ முழுங்குனாத்தான் அவன் திம்பான். குட்டியா இருந்தப்ப இருந்து நான் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கறேன்.”

“நீங்க… அவன் வட்டல்லயா?”

“ஆமா, அவன் வட்டல்லதான். ரெண்டு பொழுதும். தோட்டத்துச் சாளைக்குப் பின்னால உக்காந்து, ஆரும் பாக்காம.” குரலைத் தாழ்த்தவில்லை. அங்கே பாத்திர ஓசை நின்றுபோனது எனக்கே கேட்டது. “செவலையெப் பாம்பு கடிக்கல கண்ணு. உங்க மாமன் மருந்து கலக்கறதுக்கு ஊட்டுச் சாமானத்தெத் தொடமாட்டாரு. அத்தனை சுத்தம். ஆரும் திங்காத வட்டல் எதுன்னு பாத்து, வாசல்ல கெடந்த நாய் வட்டலெ எடுத்துக் கலக்கியிருக்கறாரு. கழுவித்தான் வெச்சாரு பாவம். நான் அதுல சோத்தெப் போட்டு, தின்னுடா சாமின்னு தலையெத் தடவிக் குடுத்தேன். ஊட்டுல ஆரும் திங்காத வட்டல்னு ஒண்ணு இருந்தா விசம் அங்கதான் வந்து சேரும். அதுதான் நானும் அதுல திங்கறேன். போறப்பவே உங்கிட்டச் சொல்லியிருக்கோணும். வெக்கமா இருந்துது. போ, ஊட்டுக்குப் போயிச் சோத்தெப் போடு.”

வீட்டுக்கு வந்து மோர்ச்சோறு பிசைந்தேன். உப்பில்லாத, குழைந்த சோறு. நெளிந்த விளிம்புப் பக்கம் கையை வைத்து ஒரு கவளம் எடுத்தேன். ஊர் ஊராகத் திரிந்தபோது என்னென்னவோ தின்றவள் நான், எங்கெங்கோ கழுவாத தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் ஊரில், என் அத்தை வீட்டில், நாய் வட்டலில் கை வைக்கும்போது விரல் ஒருமுறை பின்வாங்கத்தான் செய்தது. வாயில் போட்டு மென்றேன். கொம்பன் என் வாயைப் பார்க்கவில்லை. என் தொண்டையைப் பார்த்தான். விழுங்கி முடிந்து, இன்னும் சற்று நேரம் நான் நன்றாக உட்கார்ந்திருக்கிறேனா என்று பார்ப்பவனைப் போலப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து தின்னத் தொடங்கினான். வட்டல் தரையில் உராய்ந்து சுவர் வரைக்கும் நகர்ந்தது. ஒரேயடியாகப் போடாதே என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் முதல் வாய் நான் தின்றேன்.

மறுநாள் மோகனசுந்தரம் மாமா வந்தார். வாசலில் நின்று, “உள்ளது உள்ளபடி நான் நாய்க்கு வெக்கல,” என்றார். “தெரியுமுங்க மாமா, ஆனா எங்க வெச்சீங்கன்னு உங்களுக்கே தெரியலையே,” என்றேன். இருவருமாகக் காடு முழுக்க நடந்து பொதிகளைப் பொறுக்கினோம். சொட்டுநீர்ப் பாசனத்தில் மிஞ்சிய பழைய குழாய்களை அவர் கை நீளத்துக்கு அறுத்தார். இனி மருந்தைக் குழாயின் நடுவில்தான் வைப்பாராம். எலி நுழையும், நாய் மூக்கு நுழையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் துணி கட்டிய குச்சி நட்டார். ஒரு பொதி மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. அதை நினைத்தே அத்தை வரும் வரைக்கும் கொம்பனைக் கயிற்றில் கட்டாமல் வெளியே விடவில்லை.

பங்குனியில் யோகப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவள்தான் ஒரு நாள் போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அன்று அத்தை முற்றத்தில் நின்று பேசியதை மாமியார் முழுக்கக் கேட்டாராம். ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அன்று ராத்திரியிலிருந்து அத்தைக்குச் சோறு ஒரு தனித் தட்டில். சாப்பிட்டதும் அந்தத் தட்டு மட்டும் வெளித் திண்டில் தனியாகக் காயும்.

“அத்தை ஒண்ணும் கேக்கலையா?”

“கொழந்தையப் பாக்கத்தான வந்தேன், தட்டெப் பாக்கவா வந்தேன்னு சொல்லிப்போட்டாங்க. எனக்குத்தான் அழுகை வருது செல்வி.”

அத்தை திரும்பி வந்தபோது நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கொம்பன் அவள் சேலையைப் பிடித்து இழுத்து, தோப்புக் குடிசையான சாளைக்குப் பின்னால் கூட்டிப் போனான். அவள் அவனை முன்வாசலுக்குக் கூப்பிட்டாள். தெரு பார்க்க உட்கார்ந்து, வட்டலில் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். பிச்சைமணி ஆட்டோவை நிறுத்திப் பார்த்தார். “என்னடா பாக்கறே, உனக்கும் வேணுமா?” என்று கேட்டாள். ஆட்டோ போய்விட்டது.

சித்திரையில் நான் மறுபடியும் கிளம்பினேன். நான் இருந்த இடங்களிலெல்லாம் தெருநாய் எதையாவது முகர்ந்தால் கிட்டப் போய் அது என்னவென்று பார்த்தேன். கார்த்திகை மாதத்தில் அஸ்ஸாமில் ஒரு படகுத்துறையில் நின்றிருந்தபோது யோகப்பிரியாவின் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. குரல் அத்தையுடையது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“செல்வி, நல்லா இருக்கறயா கண்ணு? பயப்படாதே, ஒண்ணும் ஆகல. எல்லாரும் இங்க வந்திருக்கறாங்க. கொம்பனுக்குச் சோத்தெ வெச்சுப்போட்டு மோரு எடுக்க உள்ள போனேன். இன்னும் நான் தின்னு பாக்கல. அதுக்குள்ள பாப்பா தவந்து போயி அவன் வட்டல்ல கைய உட்டுப்போட்டா. வாயிலயும் வெச்சுப்போட்டா. சம்பந்தியம்மா சத்தம் போட்டாங்க. நான் ஓடியாரதுக்குள்ள அவிய பாப்பாவெ இடுப்புல தூக்கிட்டாங்க. அப்பறம் அந்த வட்டலெ எடுத்து மோந்து பாத்தாங்க. ஒரு வாய் எடுத்துத் தின்னுபோட்டாங்க கண்ணு. அதுவரைக்கும் கொம்பன் தொடவே இல்ல, அவிய தொண்டையவே பாத்துட்டு உக்காந்திருந்தான். அவிய முழுங்கிப்போட்டு என்னயப் பாத்து, ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, நல்லாத்தான் இருக்குது, உப்புதான் பத்தலன்னாங்க. நாய்க்கு உப்பு ஆகாதுங்கன்னேன்.”